பேச்சுக் கொடுக்கச் சொல்லித் தருமா செயலி?

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வரும். படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்க்க வரும். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் தட்டுத் தடுமாறிப் பதிலும் சொல்லிவிடலாம். ஆனால் லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்க மட்டும் வாய் வராது. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் செயலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. குரலில் பேசும் ஏஐ செயலிகள், கேட்டுச் சொல்லும் ஒலிப்பாடங்கள், மொழிப் பரிமாற்றச் செயலிகள், விளையாட்டுப் பாணிப் பயிற்சிகள் என்று நான்கு வகைகளை இங்கே எடைபோடுகிறோம். இலக்கணமும் சொல்வளமும் தேர்வு மதிப்பெண்ணும் கணக்கில் இல்லை. நாமாக வாயைத் திறந்து பேச்சைத் தொடங்க இது பழக்குகிறதா, இல்லை கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும் பழக்குகிறதா என்பது ஒன்றே கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல. பதில் சொல்பவருக்குத் தலைப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்; கேள்வியில் இருக்கும் சொற்களிலேயே பாதியை எடுத்துப் பதிலில் போட்டுக்கொள்ளலாம். தொடங்குபவருக்கு அந்த வசதி கிடையாது. எப்போது பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது, அவரை எப்படித் திரும்ப வைப்பது என்று மூன்றையும் லிஃப்ட் அடுத்த மாடியைத் தொடுவதற்குள் தானே முடிவு செய்ய வேண்டும்.

நேரக் கணக்கும் கடுமையானது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருந்தது. நன்றாகத் தெரிந்த ஒரு பொருளின் படத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டாலே, தாய்மொழியில்கூட, வாயிலிருந்து சொல் வர சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நம் பதில் பாதி தயாராகியிருக்க வேண்டும் என்றுதான் இதற்கு அர்த்தம். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவருக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்து நிற்கும். தமிழ் வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டி முடிக்காமல் ஆங்கிலத்தின் இரண்டாவது சொல்லுக்கே போக முடியாது. அதனால்தான் நாக்கு தந்தி அடிக்கிறது. பயம் காரணம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் பயத்தைவிட இந்தத் தாமதம்தான் காரணம்.

இதற்கு ஒரே மருந்து, சில துண்டுகளை மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் வாய்க்குப் பழக்கிவிடுவது. எந்தத் துண்டுகள் என்பதில்தான் செயலிகள் கோட்டை விடுகின்றன.

மூன்றாவது வரி

நம் மொழியிலேயே இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன: பேச்சுக் கொடுப்பது, பிடி கொடுப்பது, உம் கொட்டுவது. அறிமுகமில்லாத இருவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும்போதும் இவைதான் நடக்கின்றன. ஒரு பிரிண்டருக்கு முன்னால் இருவர் காத்திருக்கிறார்கள்.

"ஹாய். இஸ் திஸ் ஆல்வேஸ் திஸ் ஸ்லோ?"

"ஓ, ஆல்வேஸ்."

"ரைட்… இஸ் தி அதர் ஒன் எனி பெட்டர்?"

முதல் வரியில் 'ஹாய்' வெறும் தட்டல், கதவைத் தட்டுவது போல. எதிர்பாராமல் கேட்கும் குரலின் முதல் சொல் காதில் சரியாக விழாது. அதனால் அந்த இடத்தில் பொருளுள்ள சொல்லை வைத்தால் வீணாகிவிடும். 'ஹாய்', 'சாரி', 'எக்ஸ்க்யூஸ் மீ' எல்லாம் தொலைந்தாலும் நஷ்டமில்லாத சொற்கள். அடுத்து வருவது இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்று. பிரிண்டர், வரிசை, தாமதமாக வரும் லிஃப்ட், மழை, எதுவாகவும் இருக்கலாம். பொருள் கண்முன் இருப்பதால் அதன் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, 'திஸ்' போதும். சொல்வளம் குறைந்தவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

இதுவரை எல்லாப் புத்தகங்களும் சொல்லித் தரும். சிக்கல் மூன்றாவது வரியில். எதிரில் இருப்பவர் "ஓ, ஆல்வேஸ்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். கற்பவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிரித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார். 'ரைட்' என்று ஓர் உம் கொட்டி, அதே பொருளில் இன்னொரு பிடியைக் கொடுத்தால் பேச்சு நகரும். ஆங்கிலத்தில் உம் கொட்டுவதற்கு 'ரைட்', 'ரியலி?', 'ஓ நோ', 'ஃபேர் இனஃப்' என்று நாலைந்து இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். தமிழில் கொட்டுவது போலவே வெறும் 'ம்'மும் தலையசைப்புமாக இருந்தால், அடுத்தவருக்கு நாம் கேட்கிறோமா புறப்படத் தயாராகிறோமா என்று புரியாது. தொலைபேசி என்றால் கேட்கவே வேண்டாம்.

"ஹவ் ஆர் யூ?" என்பதற்கு "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்று முற்றுப்புள்ளி வைப்பதும் இதே நோய்தான். இலக்கணம் சுத்தம், பிடிதான் இல்லை. "நாட் பேட். லாங் மார்னிங். யூ?" என்பதில் இலக்கணம் குறைவு, ஆனால் 'லாங் மார்னிங்' என்பதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் ஏறிவர முடியும். தகவலுக்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் இந்தப் பேச்சுக்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-லேயே 'ஃபேட்டிக் கம்யூனியன்' என்று பெயர் வைத்தார். அதில் உள்ளடக்கம் அற்பமாக இருப்பது குறையல்ல, வேலையே அதுதான். அறிவாளித்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பவர் கடைசிவரை காத்திருப்பார்.

இனி ஒவ்வொரு வகையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

குரலில் பேசும் ஏஐ

சாட்ஜிபிடியில் குரல் வசதி 2023 செப்டம்பரில் கட்டணப் பயனர்களுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். அப்போது அது பேச்சை எழுத்தாக்கி, எழுத்துக்கு விடை எழுதி, விடையை மறுபடி குரலாக்கியது. இந்த மூன்று படிகளைத் தாண்ட, ஓப்பன்ஏஐ நிறுவனமே சொன்ன கணக்குப்படி, மாடலைப் பொறுத்து சராசரியாக 2.8 அல்லது 5.4 விநாடி ஆனது. 2024 மே மாதம் அதே நிறுவனம் அறிவித்த ஜிபிடி-4ஓ மாடல் குரலை நேரடியாகக் கேட்டு நேரடியாகப் பேசும் வகை. சராசரி 320 மில்லி விநாடி. கூகுளின் ஜெமினி லைவ் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. மேலே சொன்ன 200 மில்லி விநாடியோடு ஒப்பிட்டால் ஏன் இந்த வகை இப்போதுதான் பேச்சுப் பயிற்சிக்கு உருப்படியானது என்று விளங்கும். ஐந்து விநாடி காத்திருந்து பேசுவது உரையாடல் அல்ல, வாக்கி டாக்கி.

இந்த வகையின் பலம் வெளிப்படையானது: வெட்கப்பட ஆளில்லை, நள்ளிரவிலும் கிடைக்கும், ஒரே தொடக்கத்தை நாற்பது முறை சொன்னாலும் சலிக்காது. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சலிக்கவே சலிக்காதவரிடம் பேசிப் பழகியவர், சலிக்கும் மனிதர் முன்னால் தடுமாறுவார். அதன் போக்கிலேயே விட்டால் இவ்வகைச் செயலி ஒவ்வொரு முறையும் பதிலின் வாலில் ஒரு கேள்வியைக் கட்டி அனுப்பும். நாம் எதைச் சொன்னாலும் "அருமை, இன்னும் சொல்லுங்கள்" என்ற தோரணையில் பத்து வாக்கியம் பேசும். பிடி கொடுக்கும் வேலையை முழுக்க அதுவே செய்துவிடுகிறது. கற்பவர் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசிய திருப்தியோடு எழுந்துபோவார். அவர் பழகியது பதில் சொல்ல மட்டுமே.

இதைத் திருத்த முடியும். தொடங்கும்போதே நிபந்தனை போட வேண்டும். தமிழில் சொன்னாலே புரிந்துகொள்ளும்:

"நீ என் அலுவலகத்தில் வேறு பிரிவில் வேலை செய்பவர். நாம் லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கிறோம். நான்தான் முதலில் பேசுவேன், அதுவரை நீ பேசக் கூடாது. ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல். எட்டு வார்த்தைக்கு மேல் போகாதே. நான்கு பதிலுக்கு ஒருமுறை மட்டும் என்னைத் திருப்பிக் கேள்வி கேள். பாராட்டாதே. நடுவில் திருத்தாதே. நான் 'ஸ்டாப்' என்று சொன்ன பிறகு, என்னுடைய இரண்டே இரண்டு தவறுகளை மட்டும் சொல்."

ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் இருக்கிறது. எட்டு வார்த்தை வரம்பு இல்லாவிட்டால் நாம் கேட்பவராகிவிடுவோம். கேள்விக்குத் தடை போடாவிட்டால் மூன்றாவது வரி நமக்கு வரவே வராது. திருத்தத்தை இரண்டோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம், அது பன்னிரண்டு தவறைப் பட்டியல் போட்டால் ஒன்றுகூட மனதில் நிற்காது. நடுவில் திருத்த விட்டால் பேச்சு அறுந்து மறுபடி வகுப்பறை ஆகிவிடும். சில நிமிடங்களில் செயலி நிபந்தனையை மறந்து பழைய வழவழா பாணிக்குத் திரும்பும். அப்போது "நிபந்தனையை நினைவில் வை" என்று மறுபடி சொல்ல வேண்டும். ஒரு நீண்ட உரையாடலைவிட, ஒன்றரை நிமிட உரையாடல்கள் ஆறு மேல். தொடங்குவதைத்தானே பழகுகிறோம், அரைமணி நேர உரையாடலில் தொடக்கம் ஒரே ஒருமுறைதான் வரும், ஆறு சிறு உரையாடலில் ஆறு முறை வரும். இடத்தையும் ஆளையும் மாற்றிக்கொண்டே இருங்கள்: பக்கத்து இருக்கைப் பயணி, புதிதாகச் சேர்ந்த ஊழியர், பள்ளி வாசலில் நிற்கும் இன்னொரு பெற்றோர். இரண்டு முறைக்கு ஒருமுறை "என்னிடம் பேச விருப்பமில்லாதவர் போல நடி" என்றும் சொல்லிப் பாருங்கள். ஒற்றைச் சொல் பதில் வரும்போது மரியாதையாகப் பின்வாங்குவதும் பேச்சுக் கொடுக்கும் கலையில் சேர்ந்ததுதான். அதை வேறு எந்தப் பாடமும் சொல்லித் தருவதில்லை.

இன்னொரு தொல்லை, நம் யோசனை மௌனத்தை அது 'பேசி முடித்தாயிற்று' என்று எடுத்துக்கொண்டு குறுக்கே பாய்வது. எரிச்சலாக இருக்கும், ஆனால் நிஜ மனிதர்களும் அதைத்தான் செய்வார்கள். மௌனத்தை 'வெல்…', 'லெட் மீ திங்க்…', 'வாட்ஸ் தி வேர்ட்…' போன்றவற்றால் நிரப்பிப் பழகினால் இடம் நம் கையில் இருக்கும். தமிழில் 'அது வந்து…' என்று இழுப்பதன் வேலையை இவை செய்கின்றன. 'அது வந்து' என்றே ஆங்கிலத்தின் நடுவில் சொல்லிவிடுபவர்கள் ஏராளம். அது தப்பில்லை, ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது காத்திருக்கச் சொல்லும் குறி என்று தெரியாது. இயர்போன் போட்டுக்கொள்வது அவசியம். ஸ்பீக்கரில் விட்டால் தன் குரலையே நம் குரல் என்று நினைத்துச் செயலி பாதியில் நிற்கும்.

உச்சரிப்பைச் சோதிக்க இந்த வகையை நம்ப வேண்டாம். நாம் சொன்னதை அது சூழலை வைத்து ஊகித்துக்கொள்ளும். 'ஃப' ஒலியை 'ப' என்று சொன்னாலும் வாக்கியத்தை வைத்துச் சரியான சொல்லையே திரையில் எழுதிவிடும். நமக்கு எல்லாம் சரி என்ற நினைப்பு வரும். அதற்குப் பதில் கைப்பேசி விசைப்பலகையில் இருக்கும் மைக்கை ஆங்கிலத்துக்கு மாற்றி, வாக்கியம் இல்லாமல் ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள்: 'ஃபேன்', 'ஜூ', 'வைன்', 'ஷிப்'. ஊகிக்கச் சூழல் இல்லாததால் தவறு அப்படியே எழுத்தில் தெரியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது அடையாளத்துக்குத்தான். அப்படியே எழுதி வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். முதுகைக் குறிக்கும் சொல்லும், பையைக் குறிக்கும் சொல்லும், மூட்டை கட்டுவதைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் 'பேக்'தான். எழுத்தில் ஒன்றானவை வாயிலும் ஒன்றாகிவிடும். ஒலியை ஏதாவது ஓர் ஆங்கில அகராதியின் ஒலிப் பொத்தானை அழுத்திக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனை போட்டுப் பயன்படுத்தினால் நால்வகையில் இதுவே முதலிடம். நிபந்தனை இல்லாமல் என்றால் நேரத்தைப் போக்க நல்ல துணை.

கேட்டுச் சொல்லும் ஒலிப்பாடம்

இந்த வகையின் பெரிய பெயர் பிம்ஸ்லர். மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967-ல் எழுதிய கட்டுரையில், புதிதாகக் கேட்ட சொல்லை மறக்கும் தறுவாயில் மறுபடி நினைவூட்ட வேண்டிய இடைவெளிகளைக் கொடுத்தார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. பாடம் ஒன்று அரைமணி நேரம். இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கேட்கும், சிறிது மௌனம் விடும், நாம் சொல்ல வேண்டும், பிறகு சரியான விடை ஒலிக்கும். நீளமான தொடர்களைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டிக் கொடுப்பது இதன் கைவரிசை. வாய் குழறும் தொடர்களுக்கு அது அபாரமாக வேலை செய்கிறது.

நம் கேள்விக்கு இது பாதி விடை. அந்த மௌனத்தில் நாமே உருவாக்கிச் சொல்ல வேண்டியிருப்பதால் துண்டுகள் வாய்க்குள் இறங்கிவிடுகின்றன, இதில் வேறு எந்த வகையும் இதை மிஞ்சாது. ஆனால் எதிரில் இருப்பவர் எப்போதும் எழுதி வைத்ததையே சொல்வார். "ஓ, ஆல்வேஸ்" என்று முகத்தில் அறைவது போல ஒரு பதில் வராது. நடையும் கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

காசு கொடுக்காமல் இதன் சாரத்தை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. கைப்பேசியின் ஒலிப்பதிவில் தமிழில் ஒரு சூழலைச் சொல்லுங்கள்: "லிஃப்ட் வரவே இல்லை, பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்." நான்கு விநாடி மௌனம். பிறகு ஆங்கில வரி. இப்படிப் பன்னிரண்டு. சூழலைச் சொல்ல வேண்டும், வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. "இது எப்பவுமே இவ்வளவு மெதுவா?" என்று தமிழ் வாக்கியத்தைப் பதிவு செய்தால், எந்த மொழிபெயர்ப்புத் தாமதத்திலிருந்து தப்பப் பார்க்கிறோமோ அதையே பழக்கிக்கொள்வோம். ஒரு வாரம் கழித்து மௌனத்தை இரண்டு விநாடியாகக் குறைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். ஆங்கில வரிகளை முதலில் ஒருமுறை நன்றாகப் பேசுபவரிடமோ செயலியிடமோ சரிபார்த்துக்கொள்வது நல்லது. தவறான வரி இந்த முறையில் ஏறினால் இறங்காது.

மொழிப் பரிமாற்றம்

ஹலோடாக், டேண்டம் போன்றவை: நீங்கள் அவருக்குத் தமிழ், அவர் உங்களுக்கு ஆங்கிலம். கணக்கில் ஒரு கோளாறு. உலகெங்கும் ஆங்கிலம் கற்க வருபவர்கள் மலைபோல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ் கற்க வருபவர்கள் கடுகளவு. அதனால் தாய்மொழிக்காரரைத் தேடி அலையாமல், வேறு தாய்மொழி கொண்ட, உங்களைவிட ஒரு படி நன்றாக ஆங்கிலம் பேசுகிற சக மாணவரைத் தேடுவதே நடைமுறை. இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலம் மட்டும்தான் என்றால் தமிழுக்குத் தாவவும் வழியில்லை.

பேச்சைத் தொடங்கும் பயிற்சிக்கு இது நிஜமான களம். எதிரில் சலிக்கக்கூடிய மனிதர் இருக்கிறார். 'ஹாய்', 'ஹவ் ஆர் யூ' என்று நூறு பேருக்கு அனுப்பிவிட்டு ஒருவரும் பதில் போடவில்லை என்று புலம்புவதற்கு முன் அவர்கள் பெட்டியில் அதே 'ஹாய்' எத்தனை கிடக்கும் என்று யோசிக்க வேண்டும். பதில் வரவைக்கும் செய்தியில் மூன்று இருக்கும்: அவர் சுயவிவரத்திலிருந்து ஒன்று, உங்களைப் பற்றி ஒன்று, சுலபமாக விடை சொல்லக்கூடிய 'இதுவா அதுவா' கேள்வி ஒன்று. "யூ டூ ஃபோட்டோகிராஃபி! ஐ ஜஸ்ட் ஸ்டார்ட்டட், ஒன்லி வித் மை ஃபோன். டூ யூ ஷூட் பீப்பிள் ஆர் பிளேசஸ்?" "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று கேட்டால் அது நேர்முகத் தேர்வு. பதில் எழுத அவருக்கு அரைமணி வேண்டும், எழுதமாட்டார்.

குரல் செய்திதான் இந்தச் செயலிகளின் பொக்கிஷம். எழுத்துக்கும் நேரடி அழைப்புக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு அது. பதிவு செய்து, கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி பேசலாம். மூன்று முறைக்கு மேல் அழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுதிவைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவோம். அழைப்புக்குப் போனால் பதினைந்து நிமிடம் ஒரு மொழி, பதினைந்து நிமிடம் மறுமொழி என்று டைமர் வைப்பது இருவருக்கும் நியாயம். தொலைபேசி எண், வீட்டு முகவரி, பணம் ஆகியவை பேச்சில் வந்தால் கத்தரித்துவிடுங்கள். காதல் தேடி வருபவர்களும் இங்கே நடமாடுகிறார்கள். பெண்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

விளையாட்டுப் பாணிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்த டுயோலிங்கோ முதல் பலவும் சிதறிய சொற்களைத் தட்டி வரிசைப்படுத்த வைக்கின்றன. சொல் கண்முன் இருக்கும்போது அடையாளம் காண்பது வேறு, ஒன்றும் இல்லாத இடத்தில் வாயிலிருந்து வரவழைப்பது வேறு. தினமும் திறக்க வைப்பதில் கெட்டிக்காரச் செயலிகள்; அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. டுயோலிங்கோ 2023-ல் ஏஐ வழிப் பாத்திர உரையாடலையும் 2024-ல் வீடியோ கால் வசதியையும் சேர்த்தது சரியான திசை. அவற்றையும் மேலே சொன்ன கேள்வியால்தான் அளக்க வேண்டும்: முதலில் பேசுவது யார்?

கட்டண ஆசிரியர்களிடம் போகிறவர்களும் இதே கேள்வியை எடுத்துப்போகலாம். நல்ல ஆசிரியர் வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கிவிடுவார், அது அவர் சுபாவம். முதல் பத்து நிமிடம் அவர் அந்நியராக நடிக்க வேண்டும், நீங்கள்தான் பேச்சுக் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலிக்கு வெளியே இடறும் இடங்கள்

எந்தச் செயலியும் பிடிக்காத சில தவறுகள் உண்டு, ஏனென்றால் அவை இலக்கணத் தவறுகளே அல்ல. 'சொல்லுங்க' என்பதை அப்படியே 'டெல் மீ' என்று போட்டு அழைப்பைத் தொடங்குவது நமக்குப் பணிவு. வெளியூர்க் காதுக்கு அதிகாரி விசாரிப்பது போல இருக்கும். "ஹாய், வாட்ஸ் அப்?" அல்லது "ஹாய், ஹவ் கேன் ஐ ஹெல்ப்?" போதும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நமக்குக் கேள்வி இருக்கிறது என்று பொருள். வெளியூர்க்காரர்களுக்கோ, 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று பொருள். 'க்விக் க்வெஸ்டின்' என்று தொடங்கினால் அந்தக் குழப்பம் கிடையாது. 'மைசெல்ஃப்' என்று பெயருக்கு முன்னால் போட்டு அறிமுகம் செய்துகொள்வதை 'ஐம்' என்று மாற்றிவிடுங்கள். அறிமுகமான இரண்டாவது நிமிடத்தில் வயது, திருமணம், சம்பளம் பற்றிக் கேட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

காதில் விழாதபோது 'வாட்?' என்பதும் 'ரிப்பீட்' என்பதும் கரடுமுரடு. "சாரி?" என்று மேலேற்றிக் கேட்பது சரி, ஆனால் அவர் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார், மறுபடி விழாது. புரிந்தவரை திருப்பிச் சொல்லி, புரியாத இடத்தில் நிறுத்துவது இதைவிட நல்ல உத்தி: "சாரி, தி மீட்டிங் இஸ்…?" விடுபட்ட துண்டை மட்டும் அவர் நிரப்புவார், பெரும்பாலும் மெதுவாகவும் அழுத்தமாகவும். இந்த ஒரு உத்தியை ஏஐ செயலியில் இருபது முறை பழகலாம்: "வேகமாகப் பேசு, ஒரு சொல்லை வேண்டுமென்றே விழுங்கு" என்று சொன்னால் போதும்.

கடைசியாக, தொடங்கத் தயங்குபவர்களில் பலருக்கு உள்ளூர உறுத்துவது எப்படி முடிப்பது என்பதுதான். வெளியேறும் வழி தெரியாத அறைக்குள் யாரும் சும்மா நுழையமாட்டார்கள். ஆங்கிலத்தில் திடீரென்று 'பை' சொல்வதில்லை. அதற்கு முன் ஒரு சமிக்ஞை வரும். 'எனிவே…', 'ரைட், வெல்…' என்று குரல் இறங்கும், பிறகு காரணம், பிறகுதான் விடை: "எனிவே, ஐ ஷுட் கெட் பேக். நைஸ் டாக்கிங் டு யூ." தமிழில் 'சரி, அப்புறம் பார்ப்போம்' என்பதில் அந்தச் 'சரி' செய்யும் வேலையை 'எனிவே' செய்கிறது. இந்த மூன்று துண்டுகளை முதலில் வாய்க்கு ஏற்றிவிட்டுத் தொடக்கங்களுக்குப் போவதே சரியான வரிசை. ஏஐயிடம் பழகும்போது கடைசி நிபந்தனையாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நான் விடைபெறும்போது உடனே விடாதே, இன்னொரு விஷயத்தைச் சொல்லி ஒருமுறை இழுத்துப் பிடி." இரண்டாவது முறையும் 'எனிவே' சொல்லி மரியாதையாக வெளியே வர வேண்டும்.